வியாபாரி கையில் மட்டும் டேப் இருந்தால்



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினார். ஒருவர் மரத்திலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, பைனாகுலர் மாதிரி ஒரு கருவியைக் கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். மரத்தின் உயரம், அடிமரத்தின் விட்டம், இருபதடிக்கு மேலே உள்ள விட்டம் எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. ஏணி இல்லை, டேப் இல்லை. "சார், நீங்க நடத்தின திரிகோணவியல்தான்" என்று எழுதியிருந்தார்.

உண்மைதான். லேசர் ஒளி மரத்தில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்கிறது கருவி. பதினைந்து மீட்டர் போய்வர, ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். தூரம் தெரிந்ததும் உச்சிக்கும் தூருக்கும் உள்ள கோணங்களை எடுத்து, டேன் கணக்கைக் கருவியே போட்டுவிடும். கோணமானியில் நூலும் கல்லும் கட்டிப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை அளந்தோமே, அதேதான். நாம் நோட்டில் போட்டோம், அது உள்ளுக்குள் போடுகிறது.

இந்தக் கருவியைக் காடு அளக்கிற சாமான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது முதலில் வர வேண்டிய இடம் நம் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துத் தோட்டங்கள்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நம்மவர்கள் எப்போது மரம் விற்கிறோம்? மகள் கல்யாணம், பையனின் காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு. வியாபாரி வருவார், பலாவையோ தேக்கையோ ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். குத்துமதிப்புதான். ஆனால் அந்தக் குத்துமதிப்புக்குப் பின்னால் அவருக்கு இருபது வருஷ அனுபவம் இருக்கிறது. நமக்கு அவசரம் மட்டும்தான் இருக்கிறது.

சில இடங்களில் அளந்தே எடுக்கிறார்கள். அங்கேதான் என் கணக்கு மூளை விழித்துக்கொள்கிறது. மர வியாபாரத்தில் வெகுகாலமாக இருக்கும் முறை என்னவென்றால், சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி உள்ள கட்டைக்கு இந்த வழியில் 10 கன அடி வரும். உருளையின் கன அளவு சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 12.73 வரும். மரம் எவ்வளவு பருத்தாலும் எவ்வளவு நீண்டாலும் உண்மையில் இருப்பதில் சுமார் 78.5 சதவீதம்தான் அந்த முறையில் சீட்டில் ஏறும். காரணம், பையை நான்கால் வகுத்தால் 0.785. நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் எழுத்தில் வராமலே லாரியில் ஏறிப் போகிறது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது பட்டையும் பக்கப் பலகையும் மில்லில் கழியத்தான் செய்யும், அதற்காக வந்த முறை இது. ஆனால் "கன அடி இவ்வளவு ரூபாய்" என்று விலை பேசும்போது அது எந்தக் கன அடி என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கழிவைக் கணக்கிலேயே கழித்துவிட்டு, விலையிலும் ஒருமுறை கழித்தால் அது வியாபாரம் இல்லை.

சுற்றளவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போகட்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 4 அடிச் சுற்றை 3 அடி 9 அங்குலம் என்று எழுதினால் மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். வர்க்கம் இருக்கிறதே! ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மரம் காணாமல் போகும்.

ஆக, லேசர் வந்தால் மட்டும் போதாது. கருவி அளவைத்தான் திருத்தும், சூத்திரத்தைத் திருத்தாது. கருவிக்கும் குறை உண்டு. அது ஒரு பக்கமிருந்துதான் பார்க்கிறது, நம் பலாவோ முண்டும் முடிச்சுமாக இருக்கும். இரண்டு பக்கமிருந்து பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். இலை அடர்ந்த மரத்தில் உச்சி எது என்றே தெரியாது. விழுது விட்ட ஆலமரத்திடம் போனால் எது அடிமரம் என்று கருவி திணறும். (நம் ஊர்ப் பெயரிலேயே நிற்கிற மரம், அதை யாரும் விற்க வேண்டாம்.)

இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியலை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. கஜா சாய்த்த தென்னைக்கு அரசு தந்தது மரத்துக்கு 1,100 ரூபாய். இழப்புக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. தலையை எண்ணிக் கொடுத்தார்கள், அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை. தாத்தா வைத்த பலா எவ்வளவு பருமன், எத்தனை அடி உயரம் என்று எழுதி வைத்திருந்தவர் எத்தனை பேர்? விழுந்த மரத்தை வந்த விலைக்குத் தள்ளினோம். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள், டிசம்பர் 5 அன்று, பூமியில் உள்ள மரங்களின் உயரத்தை லேசரால் அளக்க ஜெடி என்ற கருவியை நாசா விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. நானூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவர்கள் மரத்தை அளக்கிறார்கள். கொல்லையில் நிற்கிற மரத்தின் அளவு நம்மிடம் இல்லை.

காட்டு வேலைக்கென்று செய்த லேசர் கருவி விலை அதிகம், தனி ஆள் வாங்கத் தேவையில்லை. உழவர் குழு ஒன்று சேர்ந்து ஒன்று வாங்கி வாடகைக்கு விடலாம், டிராக்டரை விடுகிற மாதிரி. மேல்நிலைப் பள்ளியில் ஒன்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே ஊர் மரங்களை அளந்து கொடுத்துவிடுவார்கள். அதுவரை தையல்காரர் டேப் போதும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில், மரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். நம் நாட்டில் வனத்துறையினர் அளப்பதும் அந்த உயரத்தில்தான். தேதி போட்டு எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் செய்தால் நல்லது.

மரம் விற்கிற யோசனையில் இருப்பவர்கள் முன்பணம் வாங்குவதற்கு முன் சுற்றளவையும் நீளத்தையும் கமென்டில் போடுங்கள். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், எனக்கும் பொழுது போகும். அடியா மீட்டரா என்று மறக்காமல் எழுதுங்கள். அலகு போடாத விடைக்கு நான் அன்றைக்கும் மார்க் போட்டதில்லை.