காப்பி மழையும் சுராங்கனியும்

தலைப்பைப் பாத்துட்டு ஏதோ புதுப்பட விமர்சனம்னு ஓடி வந்த மக்கள்ஸ் மன்னிக்க. இது ஆட்டப்பாட்டு பத்தின பதிவு. கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க கடைசி ரெண்டு பத்தியை மட்டும் படிச்சுட்டு ஒரு பின்னூட்டம் போட்டுட்டு ஓடிடலாம் :-)

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். நம்மள அழ வெச்ச பாட்டுக்காரங்க பேரை நாம மறக்கிறதே இல்ல. எழுதினது யாரு, மெட்டு யாரு, எந்த ராகம், எந்த வருஷம், எல்லாம் விரல் நுனியில இருக்கும். ஆனா நம்மள ஆட வெச்சவங்க பேரு? "அது ஏதோ குத்துப்பாட்டுப்பா". முடிஞ்சது கதை.

இந்த எண்ணம் எனக்கு வந்தது டொமினிக்கன் குடியரசு வழியா. சிரிக்காதீங்க. எங்க ஊரு பண்ணைக்காடு. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் போற வழியில ஊத்துல பிரிஞ்சு உள்ள போகணும். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சுன்னு பொழப்பு ஓடுற ஊரு. அதனால காப்பின்னு எந்த மொழியில எழுதியிருந்தாலும் எங்காளுங்க கண்ணு அங்க போயிரும். அப்படித்தான் ராத்திரி பொட்டி தட்டிட்டு இருந்தப்ப ஹுவான் லூயிஸ் கெர்ராவோட ஒரு பாட்டு மாட்டிச்சு. 1989ல வந்தது. "காப்பி மழையாப் பெய்யாதா"ங்கிற மாதிரி அர்த்தம் வர்ற தலைப்பு. கிராமத்து விவசாயிகளோட ஏக்கத்தைப் பாடுற பாட்டு. காப்பிச் செடிக்குப் பூக்க ஒரு மழை, பூத்தது காயாப் பிடிக்க இன்னொரு மழைன்னு வானத்தையே பாத்துட்டு இருக்கிற ஊர்க்காரனுக்கு அந்தத் தலைப்பு சும்மா விடுமா? எங்களுக்கு மழை பெஞ்சாதான் காப்பி. அவரு காப்பியையே மழையாக் கேக்கிறாரு!

அங்க இருந்து நூல் பிடிச்சுப் போனா மெரெங்கேன்னு ஒரு பெரிய உலகமே இருக்கு. டொமினிக்கன் நாட்டோட ஆட்ட இசை. நாட்டுப்புற மெரெங்கேல முக்கியமா மூணே கருவி. அக்கார்டியன், தம்போரா, குய்ரா. தம்போராங்கிறது ரெண்டு பக்கமும் தோல் போட்ட மத்தளம். மடியில வெச்சு ஒரு கையில குச்சி, இன்னொரு கை வெறுங்கை. குய்ரா ஒரு உலோகக் குழாய், மேல பூரா சின்னச் சின்னப் புள்ளிகள், கம்பிச் சீப்பால சரக் சரக்னு உரசணும்.

இதை வாசிச்சதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எனக்கு எங்க பக்கத்து நையாண்டி மேளம்தான். தவில்ல ஒரு கையில குச்சி, இன்னொரு கையில விரல்கூடு. உறுமில ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால உரசி உரசித்தான் அந்த உறுமல் சத்தத்தையே வர வைக்கிறாங்க. அடிக்கிற ஒண்ணு, உரசுற ஒண்ணு, மேல ஊதுறதுக்கோ இழுக்கிறதுக்கோ ஒண்ணு. மனுஷனை எந்திரிச்சு ஆட வைக்கிறதுக்கு உலகம் பூரா ஒரே ஃபார்முலாதான் போல. கணக்கு மட்டும் வேற. மெரெங்கே ரெண்டு ரெண்டா நடக்கும். நம்ம குத்து ஆறாறா துள்ளும்.

சரி, இசை ஆராய்ச்சி போதும், அரசியலுக்கு வருவோம். மெரெங்கேயை அந்த ஊர் பெரிய மனுஷங்க 19ஆம் நூற்றாண்டுலேயே பத்திரிகையில திட்டி எழுதியிருக்காங்க. அசிங்கம், அநாகரிகம், வீட்டுப் பொண்ணுங்க ஆடலாமான்னு. அப்புறம் 1930ல ட்ருஹியோன்னு ஒரு சர்வாதிகாரி வந்தாரு. 1961ல சுட்டுக் கொல்லப்படுற வரைக்கும் அவரு வெச்சதுதான் சட்டம். குடியானவன் இசையை அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போயி தேசிய இசையாக்கினது அவருதான். லூயிஸ் ஆல்பெர்த்தியோட ஆர்கெஸ்ட்ராவுக்குத் தன் பேரையே வெச்சுக்கிட்டாரு. தன்னைப் புகழ்ந்து மெரெங்கே மெரெங்கேயாப் போட வெச்சாரு. அதே ஆள் 1937ல ஆயிரக்கணக்கான ஹெய்ட்டிக்காரங்களைக் கொன்னு குவிச்சாரு. மெரெங்கேல இருக்கிற ஆப்பிரிக்க ரத்தத்தை ஒத்துக்காம, இது ஸ்பெயின் சொத்துன்னு சொல்ல வெச்சதும் அந்தக் காலத்துலதான். அரசாங்கம் கௌரவிச்சிட்டா கலை பொழச்சுக்கும்னு நினைக்கிறவங்க இந்தக் கதையை ஒரு தடவை படிச்சுடணும்.

ஆனா அவன் போன பிறகு ஜனங்க என்ன பண்ணாங்கங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். சர்வாதிகாரியோட சேத்து அந்த இசையைக் குப்பையில போடல. கழுவி எடுத்துக்கிட்டாங்க. ஜானி வென்ச்சூரா ஆர்கெஸ்ட்ராவைச் சின்னதாக்கி, மேடையில ஆட்டம் போட்டுக்கிட்டே பாடி, மெரெங்கேயை இளவட்டங்க கையில கொடுத்தாரு. ஹொசேயித்தோ மத்தேயோவை மெரெங்கே ராஜான்னே கூப்பிட்டாங்க. வில்ஃப்ரிதோ வர்காஸ் வேகத்தைக் கூட்டினாரு. ஃபெஃபிதா லா கிராந்தேன்னு ஒரு அம்மா, ஆம்பளைங்க கோட்டையா இருந்த அக்கார்டியனைத் தூக்கி மாட்டிக்கிட்டு நின்னாங்க. வென்ச்சூரா 1998ல இருந்து 2002 வரைக்கும் தலைநகர் சாந்தோ தொமிங்கோவோட மேயராவே இருந்தாரு. ஆட்டக்காரனை மேயராக்கின ஊரு! 2016ல யுனெஸ்கோ பட்டியல்லயும் மெரெங்கே ஏறிடுச்சு. நவம்பர் 26 அங்க தேசிய மெரெங்கே தினம்.

இப்ப நம்ம வீட்டுக்குத் திரும்புவோம்.

நமக்கு மெரெங்கேக்கு ரொம்பக் கிட்டத்துச் சொந்தம் ஒண்ணு இருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம். பைலா. 1505ல இலங்கையில இறங்கின போர்த்துக்கீசியரும் அவங்க கூட்டிட்டு வந்த ஆப்பிரிக்கரும் விட்டுட்டுப் போன ஆட்டம். போர்த்துக்கீசிய மொழியில "பைலார்"னா ஆடுறது. ஐரோப்பியன் கித்தாரும் ஆப்பிரிக்கத் தாளமும் தீவுல வந்து கலந்த கதை, டொமினிக்கன்ல நடந்த அதே கதைதான். வாலி பஸ்தியன்னு ஒரு போலீஸ்காரர் அதை இருபதாம் நூற்றாண்டுல சிங்கள மேடைப்பாட்டாக்கினாரு. அப்புறம் எம்.எஸ். பெர்னாண்டோ, டெஸ்மண்ட் டி சில்வா, ஜிப்ஸீஸ் சுனில் பெரேரான்னு ஒரு பெரிய வரிசை. பைலாவும் ஆறாறா துள்ளுற தாளம்தான். மதுரைப் பக்கத்துக் காலுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

1960கள் கடைசியிலயும் 70கள்லயும் இந்தத் துள்ளல் தமிழுக்கு வந்துச்சு. ஈழத்து பொப்பிசைன்னு பேரு. நித்தி கனகரத்தினம் அதோட தந்தைன்னு சொல்லப்படுறவர். "சின்ன மாமியே", "கள்ளுக்கடைப் பக்கம் போகாதே" ரெண்டும் அவரோடது. ரெண்டாவது பாட்டைக் கவனிங்க. குடிக்காதேன்னு புத்தி சொல்ற பாட்டு, ஆனா குடிச்சவன்கூட எந்திரிச்சு ஆடுவான். அதுதான் சாமர்த்தியம். அவரு பிறகு ஆஸ்திரேலியா போய்ட்டாரு. அவர் கூடவே எஸ். ராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன்னு பலர் பாடினாங்க. அங்க யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படியே பாட்டுல உக்காந்துச்சு. சினிமா இல்லாமலேயே தமிழ்ல ஒரு ஜனரஞ்சக இசை வாழ முடியும்னு காட்டினவங்க இவங்க. நம்ம பக்கம் இன்னிக்கு "சுயாதீன இசை"ன்னு பெரிய பேரு வெச்சுக் கொண்டாடுறோமே, அதை அம்பது வருஷத்துக்கு முன்னாடியே பண்ணி முடிச்சுட்டாங்க சாமி.

அப்புறம் ஏ.இ. மனோகரன். சிலோன் மனோகர்னா நம்ம ஊர்ல ஒரு தலைமுறைக்குச் சட்டுனு தெரியும். பொப்பிசைச் சக்கரவர்த்தி. மீன் கொண்டு வந்திருக்கேன்னு ஒரு பொண்ணைக் கூப்பிடுற "சுராங்கனி"யை ஊர் ஊராக் கொண்டுபோனவர். இங்க வந்து தமிழ், மலையாளப் படங்கள்ல வில்லன் வேஷமெல்லாம் போட்டாரு. 1977ல "அவர் எனக்கே சொந்தம்" படத்துல இளையராஜா இசையில சுராங்கனி மலேசியா வாசுதேவன் குரல்ல வந்துச்சு. அதுக்கப்புறம் அது காலேஜ் டூர் பஸ்ல பாடப்படாத வருஷமே கிடையாது. நானும் பாடியிருக்கேன், நீங்களும் பாடியிருப்பீங்க.

மனோகரன் 2018 ஜனவரியில சென்னையில இறந்தாரு. ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. உங்க ஆபீஸ்ல பத்து பேருகிட்ட சுராங்கனி தெரியுமான்னு கேளுங்க. பத்து பேரும் கை தூக்குவாங்க. பாடினது யாருன்னு கேளுங்க. எங்க டீம்ல கேட்டப்ப வந்த பதில்: "அது ஏதோ காலேஜ் பாட்டு மச்சி, யாரும் பாடினதில்ல, சும்மா இருக்கு". சும்மா இருக்கு! மலை மாதிரி, ஆறு மாதிரி, பாட்டும் தானா முளைச்சு நிக்குது போல!

எங்க மலைக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைத் தோட்டங்கள்ல இருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள்ல ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக்கும் வந்து சேர்ந்தாங்க. பெரும்பாலும் கூலி வேலைக்கு. அவங்களோட வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் பாட்டும்தான். பெட்டிக்கு ரசீது இருந்திருக்கும். பாட்டுக்கு ஏது?

இந்தக் கேள்வி பழசுன்னு நினைக்காதீங்க. 2021ல "எஞ்சாயி எஞ்சாமி" வந்துச்சே, அறிவு பாடினது எதைப் பத்தி? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சுட்டுத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளோட கதையை. அதே வருஷம் ஒரு பெரிய இசைப் பத்திரிகையோட அட்டையில அந்தப் பாட்டைக் கொண்டாடினப்ப அறிவு படம் இல்ல. பா. ரஞ்சித் உட்படப் பலர் சத்தம் போட்ட பிறகுதான் அவருக்குன்னு தனியா ஒரு அட்டை வந்துச்சு. கோடிக்கணக்குல பேர் பாத்த பாட்டுக்கே இந்தக் கதின்னா, தூக்கம் முழிச்சு உறுமி வாசிக்கிறவருக்கு? எந்த ஊர்த் திருவிழா நோட்டீஸை வேணா எடுத்துப் பாருங்க. பந்தல் உபயம், மைக்செட் உபயம், நீர்மோர் உபயம் எல்லாத்துக்கும் இன்ஷியலோட பேரு இருக்கும். மேளத்துக்கு மட்டும் ஊர் பேரு, மிஞ்சிப்போனா "குழுவினர்".

"குத்துப்பாட்டுக்கு எதுக்குய்யா இவ்ளோ ஆராய்ச்சி, கேட்டோமா ஆடினோமான்னு போக வேண்டியதுதானே"ன்னு ஒரு அனானி கண்டிப்பா வருவாரு. அண்ணே, ஆடுறது உங்க உரிமை. ஆனா அந்த ஆட்டத்தைக் குடுத்தவனுக்குப் பேரு இல்லாமப் போனா நடக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, அவனுக்குச் சேர வேண்டிய காசு வேற யாருக்கோ போகும். ரெண்டு, அடுத்து அந்தக் கருவியை எடுக்க வேண்டிய பையன் "இதுல என்ன இருக்கு"ன்னு வேற வேலைக்குப் போயிடுவான். அவன் போறது தப்பே இல்ல. நானும்தான் மலையை விட்டு இறங்கி கீபோர்டு தட்ட வந்தேன். ஆனா போறவனுக்கு, தான் எதை விட்டுட்டுப் போறோம்னாவது தெரியணும் இல்லையா?

2025ல அலங்காநல்லூர் பறை ஆசான் வேலு அவர்களுக்கு பத்மஸ்ரீ கிடைச்சது. மனசார சந்தோஷம். பறைக்காரர் பேரைத் தேசமே உச்சரிச்சது சின்ன விஷயமில்ல. ஆனா விருது வருஷத்துக்கு ஒருத்தருக்குத்தான் எட்டும். ட்ருஹியோ கதையைப் பாத்த பிறகு, இந்த வேலையை முழுசா அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்க எனக்கு மனசும் வரல. மெரெங்கேயைப் பொழைக்க வெச்சது அரண்மனை இல்ல. "இது ஜானி பாட்டு, இது வில்ஃப்ரிதோ பாட்டு"ன்னு பேர் சொல்லி ஆடின ஜனங்கதான்.

அதனால நம்மள மாதிரி வலைப்பதிவர்களுக்கு ஒரு கோரிக்கை. உங்க வீட்டுப் பரண்ல இலங்கை வானொலிக் காலத்து கேசட்டோ இசைத்தட்டோ கிடந்தா, தூசி தட்டி அட்டையில இருக்கிற பேரையெல்லாம் ஒண்ணு விடாம ஒரு பதிவாப் போடுங்க. பாடினவர், எழுதினவர், வாசிச்சவர், வருஷம், அவ்வளவு போதும். விமர்சனம்லாம் வேண்டாம். அடுத்த திருவிழாவுக்கு ஊருக்குப் போறவங்க, மேளக்காரங்க டீ குடிக்கிற நேரத்துல போயி நின்னு அவங்க பேரைக் கேளுங்க, அவங்க சம்மதிச்சா எழுதுங்க. நம்ம ஆளுங்க ஒரு மொக்கைப் பட ட்ரெயிலருக்கே நாலு பதிவு போடுறோம். இதுக்கு ஒண்ணு போட மாட்டோமா?

பின்னூட்டத்துல உங்க ஊர் ஆட்டக்காரங்க, மேளக்காரங்க, பைலாக்காரங்க பத்திச் சொல்லுங்க. ஈழத்து நண்பர்கள் கட்டாயம் வரணும். பொப்பிசை பத்தி நான் விட்டதை எல்லாம் நிரப்ப வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கு.

டிஸ்கி: மெரெங்கேன்னு தேடினா முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடிச்சுப் பண்ற ஒரு இனிப்பும் வரும். நான் அதைப் பத்தி எழுதல. சமையல் குறிப்பு கேட்டு யாரும் பின்னூட்டம் போடாதீங்க :-)