சுவிஸ்ல ஒரு கரிச் சுரங்கம்

சுவிட்சர்லாந்துன்னா நமக்கு பனிமலை, சாக்லேட், ஷிஃபான் சேலையில டூயட். அவ்ளோதானே? சூரிச் ஏரிக்கரை ஹோர்கன்ல கேப்ஃப்னாக்னு ஒரு பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்குங்க. கரிப்படிவம் ஒரு முழம்கூட தேறாது. அதுக்காக ஆளுங்க படுத்துக்கிட்டே வெட்டியிருக்காங்க! 1910-ல மூடினாங்க. ரெண்டு உலகப்போர்லயும் வெளிநாட்டுக் கரி வரத்து குறையவும் மறுபடி திறந்தாங்க. 1947-ல ஒரேயடியா மூடியாச்சு. நாம வாயைப் பொளந்து பாக்குற அந்த மின்சார ரயிலை அவசரமா கொண்டுவர வச்சதும் முதல் போர்க்காலக் கரிப் பஞ்சம்தான். சும்மா வரலை அந்த சுத்தம். இப்ப சுரங்கம் மியூசியம், குட்டி ரயில்ல உள்ளே கூட்டிட்டுப் போறாங்க. டூர் போறவங்க பனிமலையில அரை நாளைக் குறைச்சு, பசங்களை இங்க கூட்டிட்டுப் போகணும்கிறது என் கட்சி. தினமும் திறக்க மாட்டாங்க, விசாரிச்சுட்டுப் போங்க.