மெஷினைக் கழற்றிவிட்டால் கதை முடிந்ததா?

எக்மோ தெரியும்தானே? இதயமும் நுரையீரலும் கைவிட்ட நிலையில், ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் மெஷின். 1975இல் கலிஃபோர்னியாவில் டாக்டர் ராபர்ட் பார்ட்லெட்டின் குழு ஒரு பச்சைக்குழந்தையை இதை வைத்துக் காப்பாற்றியது. நர்ஸ்கள் அந்தக் குழந்தைக்கு எஸ்பெரான்சா என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிஷ் மொழியில் 'நம்பிக்கை'. அன்றிலிருந்து கைதட்டல் எல்லாம் மெஷினுக்குத்தான். குழந்தை மெஷினை விட்டு வந்ததும், வணக்கம் போட்ட தியேட்டர் மாதிரி எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

படம் இன்னும் முடியவில்லை சார்!

கைக்குழந்தைக்கு இதைப் பெரும்பாலும் கழுத்தின் வலது பக்கத்தில்தான் மாட்டுகிறார்கள். ஒரு தமனி, ஒரு சிரை. கழற்றும்போது? பல இடங்களில் இரண்டையும் கட்டி மூடிவிடுவதுதான் வழக்கம். தமனி போனால் மூளைக்கு ரத்தம் போக இடது பக்கமும் பிடரிப் பக்கமும் வழி இருக்கிறது என்றாவது யோசிக்கிறார்கள். சிரையைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே இல்லை.

ஆனால் மறுநாளே குழந்தை வீட்டுக்குப் போய்விடுவதில்லை. ரத்த அழுத்த மருந்து, ஆன்டிபயாடிக், ஊட்டச்சத்து திரவம், தினமும் ரத்தப் பரிசோதனை... எல்லாவற்றுக்கும் ஒரு ரத்தக்குழாய் வேண்டும். கையும் காலும் ஏற்கெனவே குத்திக் குத்தி வீங்கிக் கிடக்கும். பிறவி இதயக்கோளாறு என்றால் பின்னாளில் மறுபடி கதீட்டர், மறுபடி ஆபரேஷன். கிட்னி கெட்டால் டயாலிசிஸ். அத்தனைக்கும் அதே கழுத்து, அதே தொடைதான்!

முதலைத் தின்றுவிட்டு லாபம் காட்டும் கம்பெனியை என்ன சொல்வோம்? இங்கேயும் அதே கணக்குதான். உயிர் பிழைத்தது வரவில் ஏறுகிறது. இழந்த குழாய் செலவில் ஏறுவதே இல்லை.

"உயிர் போகிற நேரத்தில் இதையெல்லாம் யோசிக்க முடியுமா?" என்பது முதல் சப்பைக்கட்டு. மாட்டும்போது சரி. கழற்றுவது பெரும்பாலும் நேரம் குறித்துச் செய்கிற வேலை. அப்போது யோசிக்க என்ன தடை?

"பழைய துளையிலேயே புதுக்குழாய் விட்டால் தொற்று வரும், ரத்தம் கட்டும்" என்பது அடுத்தது. இதில் நியாயம் உண்டு. அதனால்தான் குழந்தைக்குக் குழந்தை தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். தடித்த குழாயை எடுக்கும் முன் அதன் வழியே கம்பியை விட்டு மெல்லிய குழாயாக மாற்றலாமா? கூடாதென்றால் வேறு எந்தச் சிரை திறந்திருக்கிறது? அல்ட்ராசவுண்டில் பார்த்தால் தெரிந்துவிடும். கழுத்துச் சிரையில் குழாய் போட அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்துங்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002லேயே சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும்தான். இன்னும் தடவிப் பார்த்துக் குத்துவதை அனுபவம் என்று ஜல்லியடிக்க வேண்டாம்.

கேட்பது பெரிய விஷயமில்லை. மெஷினைக் கழற்றும் முன் அடுத்த குழாய் எங்கே என்று முடிவாகியிருக்க வேண்டும். எதைக் கட்டினார்கள், எது அடைத்தது, எது மிச்சம் என்று ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த முறை நடுராத்திரியில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, அங்கே இருப்பவர்களுக்கு அந்த ஒரு தாள் போதும்.