பூட்டும் சாவியும் ஒரே பையிலா?

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது வீட்டைப் பூட்டுகிறோம். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுச் செல்பவர் எவருமில்லை. ஆனால், வங்கிப் பணத்தைப் பொறுத்தவரை நம்மில் பலர் அப்படித்தான் பயணம் செய்கிறோம். ஏ.டி.எம். அட்டை, அதன் இரகசிய எண்ணை எழுதிய துண்டுத் தாள், ஆதார் நகல், கைபேசி ஆகிய அனைத்தும் ஒரே பையில் இருக்கின்றன. பை போனால் எல்லாம் போயிற்று.

இதைத் தடுக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. இருக்கும் பூட்டுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிந்து, அவற்றைப் பிரித்து வைத்தாலே போதும் என்பது என் கருத்து.

முதலில் அட்டையைப் பார்ப்போம். அதன் பின்புறத்துக் காந்தப் பட்டையில், ஒலிநாடாவில் பாட்டு பதிவாவதைப் போல விவரங்கள் பதிவாகின்றன. எத்தனை முறை படித்தாலும் அதே விவரம்தான் வரும். ஆகவே நகலெடுப்பது எளிது. முன்புறத்திலுள்ள சில்லோ ஒரு சிறு கணிப்பொறி. ஒவ்வொரு முறையும் அது புதிய சங்கேதக் குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. ஒரு முறை பயன்பட்டது மறுமுறை செல்லாது. பட்டை மட்டும் கொண்ட அட்டைகளை 2018-ஆம் ஆண்டு இறுதிக்குள் மாற்றித் தருமாறு ரிசர்வ் வங்கி பணித்தது இதனால்தான்.

அடுத்தது இரகசிய எண். 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள் உள்ளன. பொதுவாக மூன்று முறை தவறினால் அட்டை முடங்கிவிடும். ஆகவே, திருடியவர் குருட்டாம்போக்கில் முயன்றால் வெல்லும் வாய்ப்பு 10,000-இல் 3 மட்டுமே. ஆனால், பிறந்த ஆண்டையே இரகசிய எண்ணாக வைத்திருந்தால்? அது பக்கத்திலிருக்கும் ஆதார் நகலிலேயே அச்சாகியிருக்கிறதே! விடுதியில் ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையமே அதை வழங்குகிறது.

மூன்றாவது, பலரும் மறந்துவிடும் சிம் அட்டை. ஓ.டி.பி. உண்மையில் உங்களைத் தேடி வருவதில்லை. உங்கள் சிம்மைத் தேடி வருகிறது. கைபேசியைப் பூட்டியிருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறொரு கைபேசியில் செருகினால் ஓ.டி.பி. அங்கே போய்விடும். இதற்கும் ஒரு பூட்டு உண்டு. கைபேசி அமைப்புகளில் சிம்முக்குத் தனி இரகசிய எண் வைத்துவிட்டால், வேறு கைபேசியில் செருகியதும் அந்த எண்ணைக் கேட்கும். முதன்முதலில் கேட்கப்படும் எண்ணை ஊகித்து அழுத்தாதீர்கள். சிம் வழங்கிய நிறுவனத்திடம் கேட்டறியுங்கள்.

"இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? ரொக்கமே போதும்" என்று பெரியவர்கள் சிலர் கூறுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொலைந்த ரொக்கத்தை நிறுத்தி வைக்க வழியில்லை. தொலைந்த அட்டையை ஒரே அழைப்பில் முடக்கலாம். 2017-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. வங்கியின் தொலைபேசி எண்ணையும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணையும் தாளில் எழுதி, வேறொருவர் பையில் வையுங்கள்.

பல வீடுகளில் தாத்தா பாட்டியின் ஓய்வூதியம் வந்ததா என்று கைபேசியில் பார்த்துச் சொல்பவர் நீங்கள்தாம். எனவே இந்தப் பொறுப்பு உங்களுக்கே பொருந்தும். அடுத்த பயணத்துக்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் ஒவ்வொருவர் பையாக எடுத்து, "இது மட்டும் தொலைந்தால், கண்டெடுத்தவரால் நம் பணத்தை எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால், புறப்படுமுன் அந்தப் பையைப் பிரித்து அடுக்குங்கள்.