உலோகப்போலி - யாருங்க போலி?

அக்கா பொண்ணு போன வாரம் டெஸ்ட் பேப்பரைத் தூக்கிட்டு வந்தா. "மாமா, பொலோனியம் உலோகப்போலியா இல்லியா?" உலோகப்போலிகளைப் பட்டியலிடுன்னு கேள்வி. இவ பொலோனியத்தை விட்டுட்டா. அரை மார்க் காலி. முகத்துல அப்படி ஒரு சோகம்.

நமக்கும் இப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க? தனிம வரிசை அட்டவணையில போரான்ல ஆரம்பிச்சு மாடிப்படி மாதிரி ஒரு கோடு இறங்கும். இடது பக்கம் உலோகம், வலது பக்கம் அலோகம், படியை ஒட்டி நிக்கிறதெல்லாம் உலோகப்போலி. மனப்பாடம் பண்ணு, எழுது, மறந்துடு.

விஷயம் என்னன்னா, அந்தக் கோடு நாம போட்டது. அலுமினியமும் படியை ஒட்டித்தான் நிக்குது, அதை யாரும் போலின்னு சொல்றதில்லை. தனிமங்களுக்குப் பேர் வைக்கிற ஐயூபேக் அமைப்புகூட 'இதுதான் உலோகப்போலி'ன்னு பட்டியல் எதுவும் போடலை. போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமனி, டெல்லூரியம் இந்த ஆறும் பெரும்பாலும் எல்லா புத்தகத்துலயும் இருக்கும். பொலோனியம் சிலதுல இருக்கும், சிலதுல இருக்காது. சூடு ஏற ஏற அதோட மின்தடை கூடும். அது உலோகத்தோட குணம். ஆக, நம்ம பொண்ணு எழுதுனதுல தப்பே இல்லை!

அப்புறம் அந்த 'போலி'. போல இருக்கறதுங்கற அர்த்தத்துல வெச்ச பேர்தான். மெட்டலாய்டுக்குச் சரியான மொழிபெயர்ப்பும்கூட. ஆனா போலி டாக்டர், போலி பாஸ்போர்ட்னு கேட்டு வளர்ந்த பசங்களுக்கு அது என்னமோ டூப்ளிகேட் சரக்கு மாதிரி தோணுது.

நிஜத்துல அந்த ரெண்டுங்கெட்டான் குணம்தான் அதோட பலமே. செம்புல வேற அணுவைக் கலந்தா மின்சாரம் கடத்துறது குறையும். சுத்தமான சிலிக்கான்ல ஒரு கோடி அணுவுக்கு ஒரு போரான் அணு சேர்த்தாலே கடத்துற திறன் பல ஆயிரம் மடங்கு எகிறும். கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். 1947-ல பெல் ஆய்வகத்துல பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்சிஸ்டரைச் செஞ்சது ஜெர்மானியத்துல. அப்புறம் வந்த சிலிக்கான்தான் இன்னிக்கு நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்குச் சோறு போடுது. இந்தப் பதிவை நீங்க படிக்கிறதும் அது புண்ணியத்துலதான்.

பட்டியல் கேக்கறதுக்குப் பதிலா, 'சிலிக்கானை ஏன் உலோகம்னு சொல்ல முடியாது, ஏன் அலோகம்னும் சொல்ல முடியாது?'ன்னு கேட்டா என்ன? நாலு வரி எழுதுற புள்ளைக்கு விஷயம் புரிஞ்சிருக்கான்னு தெரிஞ்சிடும். பொலோனியம் பத்திச் சண்டை போடுற புள்ளைக்கு முழு மார்க்கே குடுக்கலாம்.

இதையெல்லாம் அவகிட்டச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரி மாமா, அடுத்த டெஸ்ட்ல பொலோனியம் எழுதணுமா, வேணாமா?"ன்னா.

"எழுதிடும்மா"ன்னுட்டேன். வேற என்ன சொல்ல? உங்க வாத்தியார் என்ன லிஸ்ட் குடுத்தாருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.