ஐம்பது காசுக்கு யார் மாறுவார்?

“நாலு காசுக்காக யாரும் பயணப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள், காரில் போகிறவர் காரில்தான் போவார்.” போக்குவரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இதைச் சொல்லாதவர் குறைவு. சிங்கப்பூரிலேயே இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இது பொய் என்று காட்டிய ஊரே இதுதான்.

1975 ஜூனில், காலை 7.30 முதல் 9.30 வரை நகர மையத்துக்குள் கார் நுழைய வேண்டுமானால் நாளுக்கு 3 வெள்ளி கொடுத்து உரிமச்சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. காரில் நாலு பேர் இருந்தால் கட்டணம் இல்லை. அந்த நேரத்துப் போக்குவரத்து 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றி ஆள்கணக்கைச் சரிக்கட்டினார்கள் சிலர். முன்பின் தெரியாதவர்கள் ஒரே காரில் போனார்கள். வேறு சிலர் 9.30 ஆகட்டும் என்று காத்திருந்து நுழைந்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கச் சில வாரங்களிலேயே கட்டண நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. பணத்துக்கு மனிதர் அசையமாட்டார் என்றால் அந்த 9.30 மணிக் கூட்டம் எங்கிருந்து வந்தது?

“அது கட்டணம், வலிக்கும், சலுகைக்கு யார் அசைவார்?” என்பது அடுத்த கேள்வி. 2013 ஜூன் முதல், வேலைநாளில் காலை 7.45-க்குள் நகரின் 16 எம்ஆர்டி நிலையங்களில் வெளியேறியவர்களுக்குப் பயணம் இலவசம். ராஃபிள்ஸ் பிளேஸில் 7.43-க்கு ரயில் நின்றால், அட்டையைக் கையில் பிடித்தபடி மின்படியில் ஓடி ஏறுவார்கள். உச்ச நேரப் பயணிகளில் சுமார் 7 விழுக்காட்டினர் முன்னதாக வந்தார்கள். இது குறைவில்லை. புதிதாக ஒரு பெட்டிகூட வாங்காமல் கிடைத்த இடம் அது. நெரிசலுக்குப் பயந்து காரை எடுப்பவரை ரயிலுக்கு இழுப்பதும் அந்த இடம்தான்.

“நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதவருக்கு இதனால் என்ன பயன்?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாய்க்கு 7.45 எட்டாது. அதற்குச் சலுகையை விரிக்க வேண்டும், வேலை நேரத்தைத் தளர்த்த முதலாளிகளை நெருக்க வேண்டும். சலுகையையே எடுத்துவிடுவது தீர்வாகாது. 2017 இறுதியில் இலவசம் நின்று, 7.45-க்குள் எந்த நிலையத்தில் நுழைந்தாலும் 50 காசு வரை தள்ளுபடி என்று ஆனது. தொகை சிறுத்தாலும் வட்டம் பெருத்தது. அதை நான் வரவேற்கிறேன்.

“முதலில் ரயில் விடட்டும், பிறகு காசைப் பற்றிப் பேசலாம்” என்பவர்களுக்கு ஒன்று: 1975-ல் இங்கே எம்ஆர்டியே கிடையாது. முதல் ரயில் ஓடியது 1987 நவம்பரில். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் காரை வீட்டில் விட்டவர்கள் பஸ்ஸிலும் அடுத்தவர் காரிலும்தான் வேலைக்குப் போனார்கள்.