மஞ்சப்பையை விரட்டியது யார்?

மாலை 6 மணி. வேலை முடிந்து ஒருவர் ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறார். தெருமுனைக் கடையைக் கண்டதும் காலையில் மனைவி சொன்னது ஞாபகம் வருகிறது. அரைக் கிலோ வெங்காயம், கால் கிலோ கத்தரிக்காய், ஒரு கட்டு கீரை. வண்டியை நிறுத்துகிறார்.

"ஒரு கவரில் போட்டுக் கொடுங்க, அண்ணாச்சி."

"கவர் கிடையாது, சார். பை கொண்டு வந்தீங்களா?"

"வேலைக்குப் போகிறவன் பையா தூக்கிக்கிட்டுப் போவேன்? கத்தரிக்காயைச் சட்டைப் பையிலயா போட்டுக்கிறது?"

அண்ணாச்சி அக்கம் பக்கம் பார்க்கிறார். பிறகு குனிந்து, கல்லாப் பெட்டிக்குக் கீழே கையை விடுகிறார். வெளியே வருகிறது, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை!

ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14-க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது, 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையும் அதில் ஒன்று. மெல்லியதானாலும் தடை, தடித்ததானாலும் தடை. ஆனாலும் அது சாகவில்லை. கல்லாவுக்குக் கீழே உயிரோடு இருக்கிறது.

குற்றம் யார் மேல்? கடைக்காரர் மேல் பாதிதான். "பை இல்லை" என்று கறாராகச் சொன்னால், வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அண்ணாச்சிக்கு அது நன்றாகத் தெரியும். மீதிப் பாதி, கையை வீசிக்கொண்டு வந்தவர் மேல்.

ஆணியில் தொங்கிய பை

ஒரு காலத்தில் கடைக்குப் போவது தனி வேலையாக இருந்தது. சுவரில் ஆணி, ஆணியில் துணிப்பை. பையை எடுத்தால்தான் கடைக்குக் கிளம்பியதாக அர்த்தம். எண்ணெய் வாங்கத் தனியாக ஒரு தூக்குச் சட்டி போகும். புளியும் மிளகாயும் காகிதப் பொட்டலத்தில் வரும். பூ வாழை இலையில் வரும். பொட்டலம் கட்டிய நூலைக்கூடப் பாட்டி தூக்கி எறிய மாட்டாள். உருண்டையாகச் சுற்றி வைப்பாள். பூக் கட்ட ஆகும்!

சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று யாரும் இதைச் செய்யவில்லை. சிக்கனம், அவ்வளவுதான்.

இப்போது கடைக்குப் போவது தனி வேலை அல்ல. வேறு எங்கோ போய்விட்டு வரும் வழியில் நடக்கிற காரியம். பை ஆணியில் தொங்குகிறது. ஆள் கடையில் நிற்கிறார்.

சுவீடன் என்ஜினீயர்

இன்று எல்லோரும் திட்டும் பிளாஸ்டிக் தூக்குப் பை சுவீடன் நாட்டில் பிறந்தது. ஸ்டென் குஸ்டாப் துலின் என்ற என்ஜினீயர் அதை உருவாக்கினார். 1965-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. எடையோ மிகவும் குறைவு. ஆனால் நிறையச் சாமான் தாங்கும். நனைந்தாலும் கிழியாது. துலின் தம் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவாராம். இதைச் சொன்னவர் அவருடைய மகன். ஒரு தடவையோடு தூக்கி எறிவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. எறியும் பழக்கம் பின்னால் வந்தது.

சாக்கடையை அடைப்பதும், மாட்டின் வயிற்றில் போய்ச் சிக்குவதும் அந்தப் பழக்கத்தால்தான்.

கேலி செய்தவர்கள்

பிளாஸ்டிக் வந்ததால் துணிப்பை போயிற்று என்பார்கள். அது முழு உண்மை அல்ல. துணிப்பையை விரட்டியதில் கேலிக்கும் பங்கு உண்டு.

கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை, மஞ்சப்பை. மங்கலமான நிறம் என்று மஞ்சளில் தைத்தார்கள். ஜவுளிக் கடையிலும் அதையே கொடுத்தார்கள். வெளியூர்ப் பயணமானால் மாற்று வேட்டியும் துண்டும் அதில்தான் போகும். அந்தப் பையோடு பட்டணத்தில் வந்து இறங்கியவரை என்ன சொன்னார்கள்? "மஞ்சப்பைக்காரன்" என்றார்கள். பட்டிக்காட்டான் என்று அதற்குப் பொருள்! சினிமாவிலும் இதைக் காட்டிச் சிரிக்க வைத்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து எத்தனையோ பேர் மஞ்சப்பையை மறைத்தார்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் பை நாகரிகம் ஆயிற்று.

அந்தப் பெயரையே எடுத்து, 2021-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2022-ல் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் ஓர் எந்திரத்தை வைத்தார்கள். 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை வந்து விழும். கேலிப் பெயருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தது நல்லதுதான்.

ஆனால் கூச்சம் இன்னும் போகவில்லை. முக்கியமாக ஆண்களுக்கு! பை தூக்குவது பெண்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே மழைக்கோட்டுக்கு இடம் இருக்கிறது. பழைய துடைப்புத் துணிக்கும் இடம் இருக்கிறது. மடித்த துணிப்பை ஒன்றுக்கு இடம் இல்லையா? ஓட்டல் சாம்பாருக்கும் இதே பேச்சுதான். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருவதைவிட, தூக்குச் சட்டியை நீட்டலாம். ஒரு கரண்டி கூடவே விழுந்தாலும் விழும்!

போலித் துணிப்பை

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. பார்த்தால் துணி, உண்மையில் பிளாஸ்டிக். தாம்பூலப் பையாகக் கொடுப்பதிலும் இந்த வகை நிறைய. இதுவும் 2019-ல் வந்த தடையில் அடக்கம். கண்டுபிடிப்பது சுலபம். உற்றுப் பார்த்தால் நெசவு தெரியாது. அச்சுக் குத்தியதுபோல் சிறு சிறு புள்ளிகள் தெரியும். நூலை உருவிப் பார்த்தால் நூலே வராது. வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும்.

அப்படியானால் நிஜத் துணிப்பையை வாங்கி வாங்கிக் குவிக்கலாமா? கூடாது. பருத்தி சும்மா விளைவதில்லை. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு, உலகச் சராசரியாக, சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. 2011-ல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்குப் போட்டது. பூமியின் வெப்பம் கூடுவதை மட்டும் பார்த்தால், பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் ஒரே தடவையில் எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அது சமமாகும்! சாக்கடை அடைப்பு, மாட்டு வயிறு எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றையும் பார்த்தால் துணிப்பைதான் மேல். ஆனாலும் பீரோவுக்குள் பத்துப் பை தூங்கினால் யாருக்கும் லாபம் இல்லை.

131 தடவை என்றதும் மலைக்க வேண்டாம். வாரம் இரண்டு முறை கடைக்குப் போனால் 15 மாதத்தில் முடிந்துவிடும். கல்யாணத்தில் வாங்கி வந்த மஞ்சப்பையானால், பெயர் அச்சடித்த அந்த மணமக்கள் வீட்டில் அதற்குள் தொட்டில்கூடக் கட்டியிருப்பார்கள்.